பாவனை விளையாட்டும் பாலர் கல்வியும்

மாலைப்பொழுதில் சிறார் கூடும் முற்றமொன்றினை உற்று நோக்குவார்க்கு ஒரு புதுமை புலனாகும். பூவரச மரத்தின் நிழல் அங்கே வீடாகின்றது, சிரட்டை பானையாகின்றது, ஈரமணல் சோறாகின்றது, உதிர்ந்த இலை காசாகின்றது. ஐந்து வயதுச் சிறுமியொருத்தி தாயின் பழஞ்சீலையை இடையிற் சுற்றிக்கொண்டு, கையிற் பிரம்பொன்றும் ஏந்தி, வேலியின் கிளுவைக் கதியால்களுக்கு எழுத்தறிவிக்கின்றாள். அவளுடைய தம்பி தடியொன்றைக் கால்களுக்கிடையே வைத்துக் குதிரையேறி வருகின்றான். சிறிது நேரத்தில் அயல்வீட்டுப் பிள்ளைகளும் வந்து கூடுகின்றனர். இரண்டு தடிகளின்மேற் பலகையொன்றைக் கட்டி, அதன்மேற் கல்லொன்றை இருத்திப் பூச்சூட்டித் தோளிலே தூக்குகின்றனர். தகரப்பேணி தவிலாகின்றது, பப்பாசியின் இலைக்காம்பு நாதசுரமாகின்றது, திருவிழாவும் இனிதே நடைபெறுகின்றது.

இக்காட்சியைக் காணும் பெரியோர் பெரும்பாலும் இரு வகையினர். ஒருசாரார் 'பிள்ளை விளையாட்டு' என்று நகைத்து அப்பாற் செல்வர். மற்றொரு சாரார் பொழுது வீணாகின்றதே என்று வருந்திப் பிள்ளைகளைப் புத்தகத்தின் முன் இருத்துவர். எனினும் இருசாராரும் ஒன்றில் உடன்படுகின்றனர். விளையாட்டு வேறு, கல்வி வேறு என்பதே அவ்வுடன்பாடு. அது எத்துணைப் பொருத்தமுடையது என்பதையும், வேடம் புனைந்தும் பாவனை செய்தும் ஆடும் ஆடலினின்று குழந்தை கற்பது யாது என்பதையும் ஆராய்தல் ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் பயனுடையதாகும்.

பாவனை என்பது யாது?

ஓடுதல், தாவுதல், மரமேறுதல் முதலியன உடலுக்குரிய விளையாட்டுக்கள். கிளித்தட்டு, கிட்டிப்புள்ளு முதலியன விதிகளுக்குட்பட்ட விளையாட்டுக்கள். இவ்விரண்டினும் வேறாய் நிற்பது, ஒரு பொருளைப் பிறிதொரு பொருளாகவோ, தன்னைப் பிறரொருவராகவோ, இல்லாத நிகழ்ச்சியை உள்ளதாகவோ கொண்டு ஆடும் ஆடல். இதுவே பாவனை விளையாட்டு எனப்படும். குழந்தை ஏறத்தாழ ஒன்றரை வயதளவில் வெறுங் கிண்ணத்தை வாயில் வைத்துப் பருகுவதுபோற் காட்டத் தொடங்குகின்றது. மூன்று வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடையில் இவ்விளையாட்டு மிகச் செழித்து வளர்கின்றது. அதன்பின் விதி விளையாட்டுக்கள் மேலோங்க, பாவனை படிப்படியாகப் பின்னடைகின்றது.

பாவனை பொய்யன்று என்பதனை முதலில் உணர்தல் வேண்டும். பொய் கூறுவோன் பிறரை ஏமாற்ற முயல்கின்றான். பாவனை செய்யும் குழந்தையோ எவரையும் ஏமாற்றுவதில்லை. மணலைச் சோறென்று பரிமாறும் சிறுமி அதனை விழுங்குவதில்லை. பிறர் விழுங்க முற்படின் தானே தடுப்பாள். அது மணல் என்பதனையும் அறிவாள். அது சோறு என்பதனையும் ஒப்புவாள். இவ்விரண்டறிவினையும் ஒருசேர உள்ளத்திற் கொண்டு, ஒன்று மற்றொன்றைக் கெடுக்காவண்ணம் நடத்துதல் எளிய செயலன்று. குழந்தை எவரும் கற்பியாமலே இதனைச் செய்கின்றது.

பண்டைத் தமிழர் கண்ட சிறுவுலகு

தமிழ்மக்கள் இவ்விளையாட்டினைப் பண்டுதொட்டே அறிந்திருந்தனர். சிறுமியர் மணலில் வீடு கட்டியாடுவது சிற்றில் எனவும், மணலைச் சோறாகச் சமைப்பது சிறுசோறு எனவும் பெயர்பெற்றன. பஞ்சாய்க் கோரையாற் பாவை செய்து ஆடியமையும் சங்கநூல்களாற் பெறப்படும். சிறுமியரின் சிற்றிலைக் காலாற் சிதைத்தோடும் குறும்பனைக் கலித்தொகையிற் காணலாம். காவிரிப்பூம்பட்டினத்துச் சிறார் குதிரையின்றி உருட்டித் திரிந்த மூன்றுருளைச் சிறுதேரினைப் பட்டினப்பாலை குறிப்பிடுகின்றது. பிற்காலத்தெழுந்த ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவங்கள் மூன்றும் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பனவே.

இப்பெயர்கள் அனைத்திலும் 'சிறு' என்னும் அடை அமைந்திருத்தல் கருதத்தக்கது. இல்லமும் சோறும் பறையும் தேரும் பெரியோருடைய உலகிற்குரியன. அவற்றைத் தன் கைக்கு அடங்கும் அளவினவாக்கிக் கொள்கின்றது குழந்தை. நுழையமுடியாத பேருலகைச் சிற்றுலகாகச் சமைத்து, அதனுள் தானே தலைமை பூண்டு நிற்கின்றது.

இச்சிறுவுலகின் ஆடல் வாழ்வின் போக்கையே வகுத்தமைக்குப் பெரியபுராணத்தில் ஒரு சான்றுண்டு. சேய்ஞலூரில் ஆநிரை மேய்த்த விசாரசருமர் மண்ணியாற்றின் கரையில், ஆத்தி மரத்தடியில், மணலால் இலிங்கமமைத்துக் கோயிலும் கோபுரமும் எடுத்துப் பாலாட்டி வழிபட்டார். அது விளையாட்டாகத் தொடங்கியதெனவே சேக்கிழார் கூறுவர். அச்சிறுவரே பின்னர்ச் சண்டேசுரராயினார். கண்டோர் அதனை வீண்செயலென்று கருதிப் பழி கூறியமையும், தந்தையார் சினந்து அதனைத் தடுத்தமையும் அவ்வரலாற்றின் பகுதிகளேயாம்.

மேனாட்டறிஞர் ஆராய்ச்சி

மேனாட்டில் விளையாட்டினைக் கல்வியின் நடுவே வைத்தவருள் முதன்மையானவர் ஜெர்மனியரான பிரடெரிக் புரோபெல். அவர் 1837 ஆம் ஆண்டில் பாட் பிளாங்கன்பேர்க் என்னும் ஊரிற் சிறார்க்கென ஒரு நிலையம் அமைத்தார். 1840 இல் அதற்குக் 'கிண்டர்கார்ட்டன்', அதாவது குழந்தைத் தோட்டம், எனப் பெயரிட்டார். விளையாட்டு அரசுக்கும் அச்சம் விளைத்தது போலும். 1851 இல் பிரஷிய அரசு இந்நிலையங்களைத் தடைசெய்தது. 1860 இலேயே அத்தடை நீங்கியது. பின்னர்க் கார்ல் குரூஸ் என்பார் 1896 இல் விலங்குகளின் விளையாட்டைப் பற்றியும், 1899 இல் மனிதரின் விளையாட்டைப் பற்றியும் நூல்கள் வெளியிட்டார். பூனைக்குட்டி நூலுருண்டையைப் பாய்ந்து பற்றுதல் எலி பிடித்தற்குப் பயிற்சியாவதுபோல, குழந்தையின் விளையாட்டும் பிற்கால வாழ்வுக்குப் பயிற்சியாகும் என்பது அவர் கொள்கை.

இக்கொள்கை ஓரளவு உண்மையேயாயினும் முழுவதும் போதியதன்று. குதிரைத் தடியேறிய சிறுவர் யாவரும் குதிரைவீரராவதில்லை. எனவே, பயிற்சி எய்துவது குறிப்பிட்ட தொழிலன்று, உள்ளத்தின் ஆற்றல்களே என்று பின்வந்தோர் கண்டனர். அவருள் இருவர் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவர்.

சுவிட்சர்லாந்தினரான ஜீன் பியாசே தம் மக்களையே கூர்ந்து நோக்கிக் குறிப்பெழுதியவர். 1945 இல் வெளிவந்த அவரது நூலிலே சிறு நிகழ்ச்சியொன்று காணப்படுகின்றது. பதினைந்து மாதமே நிரம்பிய அவர் மகள் குஞ்சம்போன்ற ஓரமுடைய துணியொன்றைக் கண்டாள். அது தன் தலையணையை நினைவூட்டவே, அதனைப் பற்றிக்கொண்டு, பெருவிரலை வாயிலிட்டு, கண்ணைச் சிமிட்டிச் சிரித்தவாறே உறங்குவதுபோற் படுத்தாள். துணி தலையணையன்று, உறக்கமும் உறக்கமன்று. ஒன்று மற்றொன்றைக் குறிக்கும் என்னும் அறிவு அங்கே முளைவிட்டது. இக்குறியீட்டறிவே மொழிக்கும் எழுத்துக்கும் எண்ணுக்கும் அடிப்படையாகும்.

ரஷிய நாட்டு உளநூலாரான லெவ் வைகொட்ஸ்கி 1933 இல் லெனின்கிராட் நகரில் விளையாட்டைப் பற்றி ஒரு விரிவுரை நிகழ்த்தினார். அடுத்த ஆண்டே அவர் காலமானார். விரிவுரையோ 1966 இலேதான் அச்சேறியது. பாவனை விளையாட்டு விதியற்ற கட்டற்ற செயல் என்னும் பொதுக்கருத்தை அவர் மறுத்தார். தாயாக நடிக்கும் சிறுமி தாயின் நடத்தைக்குரிய விதிகளுக்கு அடங்கியே ஆடவேண்டும். தன் விருப்பம்போல் அழவும் ஓடவும் அவளுக்கு உரிமையில்லை. இவ்விதி எவராலும் விதிக்கப்பட்டதன்று. அவள் தானே விரும்பி ஏற்றது. ஆதலின் விளையாடும் குழந்தை தன் அன்றாட நிலையினின்று உயர்ந்து, நாளை எய்தவிருக்கும் நிலையில் இன்றே நிற்கின்றது என்பது அவர் துணிபு.

பாவனையாற் பெறும் பயன்கள்

மேற்கூறிய கொள்கைகளை மனத்திற் கொண்டு, முற்றத்து விளையாட்டிலே நிகழும் கல்வியினை ஒவ்வொன்றாக நோக்குதல் தகும்.

முதலாவது, குறியீட்டறிவு. தடியைக் குதிரையாகக் கொள்ளும் சிறுவன் குதிரை என்னும் கருத்தினைக் குதிரை என்னும் பொருளினின்று பிரித்தெடுக்கின்றான். 'அ' என்னும் வரிவடிவம் ஓர் ஒலியைக் குறிக்கும் என்றும், '5' என்னும் குறி ஐந்து மாங்காய்களையும் ஐந்து மாணாக்கரையும் ஒருங்கே குறிக்கும் என்றும் பின்னர் அவன் கற்குமிடத்தும் இவ்வாற்றலே வேண்டப்படுகின்றது. எழுத்துப் பயிற்சிக்கு முற்பட்ட எழுத்துப் பயிற்சி என இதனைக் கூறின் மிகையாகாது.

இரண்டாவது, தன்னடக்கம். மனுய்லென்கோ என்னும் ரஷிய ஆய்வாளர் 1948 இல் வெளியிட்ட ஆராய்ச்சி இங்கு நினைக்கத்தக்கது. சிறுவரை அசையாது நிற்குமாறு வெறுமனே பணித்தபோது அவர் சிறிது பொழுதே நின்றனர். அவரையே காவலாளியாகப் பாவித்து, தோழர் தொழில் செய்யுமிடத்தைக் காக்கச் செய்தபோது நெடும்பொழுது அசையாது நின்றனர். கட்டளையாற் கைகூடாதது பாவனையாற் கைகூடிற்று.

இதனையொத்த ஆய்வொன்று 2017 இல் அமெரிக்காவினின்றும் வெளிவந்தது. நான்கும் ஆறும் வயதினரான 180 சிறார் அதில் ஈடுபட்டனர். சலிப்பூட்டும் வேலையொன்றைப் பத்து நிமிடம் செய்யுமாறு அவர் கேட்கப்பட்டனர். விரும்பியபோது அதனை விட்டு விளையாட்டுக் கருவியொன்றை நாடவும் இடமளிக்கப்பட்டது. ஒரு பகுதியினர் தம்மைத் தாமாகவே எண்ணி வேலை செய்தனர். மற்றொரு பகுதியினர் தம் பெயரைச் சுட்டி, வேறொருவரைப் பற்றிக் கேட்பதுபோல், தாம் நன்கு உழைக்கின்றனரா என வினவிக்கொண்டனர். மூன்றாம் பகுதியினர் 'பேட்மேன்' என்னும் வௌவால் மனிதன் போன்ற கதைமாந்தரில் தமக்கு விருப்பமானவரின் வேடத்தைப் புனைந்து, அக்கதைமாந்தர் நன்கு உழைக்கின்றனரா என வினவிக்கொண்டனர். மூவகையினருள்ளும் வேடம் புனைந்தவரே மிகுந்த நேரம் வேலையில் ஊன்றி நின்றனர். தம்மைத் தாமாகவே எண்ணியவர் கடைநின்றனர். வேடம் குழந்தையைத் தன்னினின்று சற்று விலக்கி, தன்னைத்தானே நோக்கி ஆளும் வாய்ப்பினை அளிக்கின்றது என்று ஆய்வாளர் கருதினர்.

மூன்றாவது, மொழி. கடை விளையாட்டைக் கேட்டிருப்போர்க்கு இது எளிதில் விளங்கும். "நீங்கள் என்ன வாங்க வந்தீர்கள்?" என்று வினவும் சிறுவன் தன் வீட்டுப் பேச்சை விடுத்து வணிகன் பேச்சினைக் கைக்கொள்கின்றான். வைத்தியர், ஆசிரியை, பூசகர், பேருந்து நடத்துநர் என ஒவ்வொருவர்க்கும் ஒவ்வொரு நடை உண்டென்பதை அவன் அறிவான். அதனினும் மேலானது, ஆட்டத்திற்குப் புறத்தே நின்று பேசும் பேச்சு. "இப்போது மழை பெய்கின்றதாம், நீ நனைந்துகொண்டு வருகின்றாயாம், நான் கதவைத் திறக்கின்றேனாம்" என்று அவர் தம்முள் வகுத்துக் கொள்வர். இந்த 'ஆம்' என்னும் ஈற்றிலே தமிழ்க் குழந்தை உள்ளதையும் பாவிப்பதையும் பிரித்துக் காட்டும் இலக்கணத்தையே ஆள்கின்றது. கதை புனைதல், காரணங் காட்டல், உடன்படுத்தல் ஆகிய மூன்றும் அவ்வுரையாடலில் அடங்கும். இஸ்ரவேல் நாட்டில் வறிய குடும்பத்துச் சிறாரிடையே ஆய்வு நடத்திய சாரா சிமிலான்ஸ்கி, கூடி நடித்தாடும் விளையாட்டுக்குப் பெரியோர் துணைபுரிந்தால் சிறாரின் ஆட்டமும் பேச்சும் வளம்பெறும் என 1968 இல் வெளிவந்த தம் நூலில் எடுத்துக்காட்டினார்.

நான்காவது, பிறர் உள்ளம் அறிதல். அலன் லெசிலி என்னும் உளநூலார் 1987 இல் எழுதிய கட்டுரையில், பாவனையை உணரும் ஆற்றலும் பிறர் நினைப்பை உணரும் ஆற்றலும் ஒரே வேரினின்று கிளைப்பன என்று வாதித்தார். தாய் வாழைப்பழத்தைக் காதில் வைத்துத் தொலைபேசியிற் பேசுவதுபோற் பேசினால், குழந்தை மயங்காது. தாய் அவ்வாறு பாவிக்கின்றாள் என்று உணர்கின்றது. பொருளின் உண்மை வேறு, ஒருவர் அதனைக் கொள்ளும் விதம் வேறு என்பதனை அறிந்தோனுக்கே பிறர் கருத்து தன் கருத்தினின்று வேறுபடலாம் என்பதும் விளங்கும். கூடி ஆடுமிடத்து இவ்வறிவு நாடோறும் சோதிக்கப்படுகின்றது. எப்போதும் தானே அரசனாக நிற்க விரும்புபவனுக்குக் குடிகள் கிடையார். விட்டுக்கொடுத்தாலன்றி ஆட்டம் நிலையாது.

ஐந்தாவது, அச்சமுந் துயரும் ஆறுதல். வைத்தியரிடம் ஊசி போட்டுக்கொண்டு அழுது வந்த பிள்ளை, வீடு சேர்ந்ததும் தானே வைத்தியராகிப் பொம்மைக்கு ஊசி போடுவதைப் பெற்றோர் பலர் கண்டிருப்பர். சிக்மண்ட் புரொயிட் 1920 இல் எழுதிய நூலொன்றில் இவ்வியல்பைக் குறிப்பிட்டு, தனக்கு நேர்ந்ததை ஏற்றுக் கிடந்த குழந்தை ஆட்டத்தில் அதனைத் தான் நிகழ்த்துவதாக மாறுகின்றது என விளக்கினார். ஈழத்திற் போர் நிலவிய ஆண்டுகளிற் பிறந்து வளர்ந்த சிறார்க்கு இது வெறும் நூற்கொள்கையன்று. மட்டக்களப்பில் 1996 இல் தொடங்கப்பெற்ற வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா, போராற் பாதிக்கப்பட்ட பல சமூகத்துச் சிறாரையும் ஒருங்கு கூட்டி, களிமண்ணும் வண்ணமும் கதையும் நடிப்பும் கொண்டு அவர் உள்ளத்துக்கு ஆறுதல் தேடியது. வாய்விட்டுச் சொல்லவியலாத துயரைக் கதைமாந்தர் வாயிலாகச் சொல்லுதல் பிள்ளைகட்கு இயல்பாயிற்று.

மாறுபட்ட கருத்துக்கள்

பாவனை விளையாட்டினை எல்லாரும் ஒருபடித்தாகப் போற்றினரல்லர். 1907 ஆம் ஆண்டு ஜனவரி 6 ஆந் திகதி உரோமாபுரியிற் 'குழந்தைகள் இல்லம்' திறந்த மரியா மொண்டிசோரி அம்மையார், 1944 இல் இலங்கைக்கும் வந்தவர். அவர் மெய்யான செயல்களையே பெரிதும் விரும்பினார். பொம்மைப் பாத்திரங்களினும் உண்மைப் பாத்திரங்களைக் கழுவி அடுக்குவதிலேயே குழந்தை நிறைவுறுகின்றது என்பது அவர் கண்ட உண்மை. 2018 இல் வெளிவந்த ஆய்வொன்றும், பாவனைச் செயலா மெய்ச்செயலா வேண்டும் என வினவியபோது முன்பள்ளிச் சிறார் பெரும்பாலும் மெய்ச்செயலையே தெரிந்தமையைக் காட்டுகின்றது. சமைப்பதாகப் பாவிப்பதினும் உண்மையிற் காய் நறுக்க இடங்கிடைப்பின் பிள்ளை அதனையே நாடும்.

மேலும், அஞ்சலின் லில்லாட் முதலிய ஆய்வாளர் 2013 இல் அதுவரை வெளிவந்த ஆராய்ச்சிகளை ஒருங்கு தொகுத்து மதிப்பிட்டனர். பாவனையே அறிவு வளர்ச்சிக்கு இன்றியமையாத காரணம் என்னும் உறுதியான முடிவுக்கு அவை இடந்தரவில்லை என்று அவர் எழுதினர். நன்கு பாவனை செய்யும் பிள்ளை நன்கு பேசவும் வல்லதாயிருத்தலால் மட்டும் ஒன்று மற்றதற்குக் காரணம் எனக் கொள்ளலாகாது. இரண்டும் வேறொரு காரணத்தின் விளைவாகவும் இருக்கலாம். கடை விளையாட்டிலே பொருட்பெயர்களைச் சிறார் மிகுதியாக நினைவிற் கொண்டனர் என இஸ்தோமினா 1948 இல் கண்டார். 1986 இல் அமெரிக்காவில் அதனை மீண்டும் ஆராய்ந்தபோதோ, பாடமாகச் சொன்னவிடத்தே சிறார் மிகுதியாக நினைவுகூர்ந்தனர். எனினும் 2018 இல் தாலியா கோல்ட்ஸ்ரைன் என்பாரும் உடனாய்வாளரும் சிறாரை மூன்று பிரிவாக்கி ஆராய்ந்தபோது, நடித்தாடும் விளையாட்டில் ஈடுபட்டவர், கட்டை அடுக்கியோரினும் கதை கேட்டோரினும் தம் உணர்ச்சியை அடக்குவதில் முன்னேறினர் எனத் தெரியவந்தது.

இவற்றினின்று பெறத்தக்க முடிபு யாது? பாவனை விளையாட்டு எல்லா நோய்க்கும் ஒரே மருந்தன்று. எழுத்தும் எண்ணும் கற்பித்தலை அது விலக்குவதுமன்று. ஆனால், குழந்தையின் உள்ளம் தானே விரும்பித் தன்னை ஒரு விதிக்குட்படுத்திக்கொள்ளும் இடம் அது. தன்னை ஆளப் பழகுவதற்கு அதனினும் இயல்பான களம் அவ்வயதிற்கு அரிது. ஆய்வுகள் மாறுபடுமிடத்தும் இவ்வொன்று அசைவுறவில்லை.

வேடமும் வினோத உடையும்

பாவனைக்கு உடை எவ்வாறு துணைபுரிகின்றது என்பதனையும் நோக்குதல் வேண்டும். சீலையை உடுத்த கணமே சிறுமி ஆசிரியையாகின்றாள். அதனைக் களைந்தவுடன் மகளாகின்றாள். எனவே உடை, ஆட்டத்தின் உள்ளுக்கும் வெளிக்கும் இடையிலுள்ள வாயிற்படி போன்றது. அதற்கு நிறைந்த அலங்காரம் வேண்டுவதில்லை. தலைப்பாகைக்கு ஒரு துவாயும், மூக்குக்கண்ணாடிக்கு வளைத்த ஈர்க்கும், முடிக்கு ஓலைத்துண்டும் போதும். இரண்டு மூன்று வயதுப் பிள்ளைக்கு மெய்ப்பொருளை ஒத்த விளையாட்டுப் பொருள்கள் உதவும். வயதேற ஏற, ஒப்பில்லாத பொருளையும் வெறுங் கையையுமே கொண்டு பாவிக்கும் ஆற்றல் வளரும். பொருள் விட்டுவைத்த குறையை நிரப்புவதே உள்ளத்தின் வேலையாகும்.

இலங்கையிற் பாடசாலைகளின் மெய்வல்லுநர் போட்டிகளிலும் முன்பள்ளி விழாக்களிலும் இடம்பெறும் வினோத உடை நிகழ்ச்சியை இவ்விடத்து நினைத்தல் பொருந்தும். ஒளவையாராகவும் பாரதியாராகவும் மீன் விற்பவராகவும் வண்ணத்துப்பூச்சியாகவும் சிறார் மைதானத்தைச் சுற்றி வருவது கண்ணுக்கு இனிது. ஆயினும், அவ்வேடத்தைத் தெரிந்தவர் யார்? தைத்தவர் யார்? எவ்வாறு நடக்கவேண்டுமெனச் சொல்லிக் கொடுத்தவர் யார்? பெரும்பாலும் தாயும் ஆசிரியையுமே. அங்கே கற்பனை செய்தோரும் அவரே. பிள்ளையோ ஒட்டிய மீசை உறுத்த, வெயிலில் விழித்து நிற்கின்றது. மண்ணியல் சிறுதேர் எனப் பண்டிதமணி கதிரேசச் செட்டியார் தமிழாக்கிய வடமொழி நாடகத்திலே, அயல்வீட்டுப் பிள்ளையின் பொற்றேரைக் கண்டபின் சாருதத்தன் மகன் மண்தேரை வெறுத்து அழுகின்றான். வாடகைக்கு எடுத்த பட்டாடையும் அத்தகையதே. அதனைக் கண்ட பிள்ளைக்கும் பெற்றோர்க்கும் பழந்துணி இழிவாகத் தோன்றிவிடும்.

இதனால் அந்நிகழ்ச்சியை நிறுத்தவேண்டுமென்பதில்லை. வேடத்தைப் பிள்ளையே தெரியட்டும். வீட்டிலுள்ள பொருளைக்கொண்டு அதனைப் பிள்ளையும் சேர்ந்து ஆக்கட்டும். பரிசளிப்பு முடிந்ததும் அவ்வுடை அலுமாரிக்குட் போகாது முற்றத்துக்கு வரட்டும். ஒளவையாராய் வந்த பிள்ளை அடுத்த நாள் தன் விருப்பம்போற் கோலூன்றித் தங்கைக்கு அறிவுரை கூறும்போதுதான் அவ்வேடத்தாலாய கல்வி தொடங்குகின்றது.

ஆசிரியரும் பெற்றோரும் செய்யத்தக்கன

செய்யத்தக்கனவோ மிகச் சில. அவற்றுள் தலையாயது நேரம். கதை வகுத்து, வேடம் பகிர்ந்து, ஆட்டம் தொடங்குவதற்கே நெடும்பொழுது செல்லும். இடைவேளை மணிக்கிடையே அது முற்றுப்பெறாது. ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சையின் நிழல் இன்று முன்பள்ளி வாயிலையும் தொட்டுவிட்டது. நான்கு வயதுப் பிள்ளையும் மாலையிற் கொப்பியும் பென்சிலுமாக இருத்தப்படுகின்றது. 1989 இல் நிறைவேறிய சிறுவர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயம், விளையாட்டினைச் சிறுவரின் உரிமையென 31 ஆம் உறுப்புரையில் விதந்து கூறுகின்றது. இலங்கை அதனை 1991 இல் ஏற்றது. ஏட்டிலேற்ற உரிமை முற்றத்திலும் இடம்பெறுதல் வேண்டும்.

அடுத்தது பொருள். பழஞ்சீலை, சால்வை, தொப்பி, வெறும் பெட்டி, சிரட்டை, கயிறு முதலியன நிறைந்த கூடையொன்று வகுப்பின் மூலையில் இருப்பின் அதுவே போதும், செலவு சிறிதுமில்லை. பொருள்களை மாதந்தோறும் மாற்றிவைத்தால் ஆட்டமும் மாறும். நேரிற் சென்று கண்ட சந்தையும் தபாற்கந்தோரும் மறுநாள் வகுப்பில் ஆட்டமாகும். காணாததைப் பாவித்தல் குழந்தைக்கு இயலாது.

மூன்றாவது அளவறிந்து கலத்தல். ஆட்டம் தளருமிடத்து ஆசிரியரும் ஒரு வாடிக்கையாளராக நுழைந்து, "சீனி இருக்கின்றதா?" என்று கேட்கலாம். ஆட்டம் மீண்டும் தழைத்ததும் மெல்ல விலகிவிடல் வேண்டும். இடையிற் புகுந்து "மொத்தம் எத்தனை?" என்று கணக்குக் கேட்பாராயின் கடை மறைந்து வகுப்பறை தோன்றிவிடும். சிறுவன் சீலையுடுத்துத் தாயாக நடிப்பின் அவனை நகையாடுதலும் ஆகாது. தன்னைப் பேணியவரைத் தன்னுள் வாங்கிப் பார்க்கின்றான் என்பதே அதன் பொருள்.

இறுதியாக ஒன்று. பாவனை விளையாட்டிலே கற்பது குழந்தை மட்டுமன்று. வேலிக் கதியால்களுக்குப் பாடஞ் சொல்லும் சிறுமியைச் சற்றே மறைந்து நின்று நோக்கும் ஆசிரியர்க்கும் அங்கே ஒரு பாடம் உண்டு. அவள் குரல் எத்தகையது? விடை தவறிய கதியாலைப் பிரம்பால் அடிக்கின்றாளா, அருகில் அமர்ந்து மீண்டும் சொல்லிக் கொடுக்கின்றாளா? அவளுக்கு அந்நடிப்பைப் பழக்கியவர் எவருமிலர். வகுப்பிலே கண்டதனையே அவள் முற்றத்தில் ஆடுகின்றாள். ஆண்டு முழுவதும் மாணாக்கர்க்குப் புள்ளியிடும் ஆசிரியர், தமக்குரிய புள்ளியை அவ்வேலியோரத்தில் அறிந்துகொள்ளலாம்.